ரெங்கசாமி வாங்காத தோசை மாவு

அனைத்துலகப் பொருளாதார மாநாட்டுக்குப் பதிந்துகொள்ளும் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத் தட்டிவிட்டேன். கோலாலம்பூர் மண்டபத்துக்குப் போனால் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை தந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் ரெங்கசாமி. அதன் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால் கிடைக்கும் அளவில், மலர்விழி.

மூன்று நாளும் நான் ரெங்கசாமியாகவே திரிந்தேன். ஜெர்மனிக்காரர் ஒருவர் கைகுலுக்கி "குட் மார்னிங், ரெங்கசாமி" என்பார். தேநீர் வரிசையில் ஒரு ஜப்பானிய அம்மாள் "ரெங்கசாமி, பிளீஸ்" என்று வழிவிடுவார். ஒவ்வொரு முறையும் அப்பா எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா அப்படியெல்லாம் வந்து நிற்கிற ஆள் இல்லை. ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டை விட்டு நகர மாட்டேன் என்று தனியாக இருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கிள்ளானில் தோசை மாவு அரைத்து விற்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "மாவாட்டவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார். அதோடு சரி. வானிலை பேசுவார், முட்டுவலி பேசுவார், மாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். காப்பாரில் முதல் ஃபேக்டரி திறந்தபோது வரவில்லை. ஒரு தீபாவளிக்கு ஆசையாக நாலு பாக்கெட் எடுத்துப் போனேன். "ஐஸ்பெட்டியில இடமில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஷா ஆலமில் இரண்டாவது ஃபேக்டரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அறுபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள் நான், அமைச்சு அதிகாரிக்கே பதில் சொல்லத் தெரிந்தவள். ஆனால் அப்பா வந்து விளக்கேற்றுவாரா மாட்டாரா என்று அவரிடம் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

மாநாட்டின் கடைசி நாள் எனக்கு மேடையில் ஒரு நாற்காலி. சிறுதொழில் பற்றிய கலந்துரையாடல். அரிசி விலை, குளிர்பதன லோரி, ஏற்றுமதி விதி என்று விடிய விடியப் படித்துத் தயாராகத்தான் போனேன். கேள்வி கேட்கும் அம்மாள் எடுத்த எடுப்பிலேயே, "ரெங்கசாமி, உங்களுக்கு ஊக்கம் கொடுத்தது யார்?" என்றார். மூன்று நாள் சேர்த்துவைத்த எரிச்சல் வாயில் வந்து நின்றது. "ரெங்கசாமி நான் இல்லை, என் அப்பா. ஊக்கமா? ஒன்பது வருடத்தில் அவர் என் மாவு ஒரு பாக்கெட்கூட வாங்கியதில்லை" என்றேன். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. கைதட்டல் வேறு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அது நேரலையில் போய்க்கொண்டிருந்ததை மறந்தே போனேன்.

என் அண்ணன் வாசு மறக்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, "அப்பா, உங்க பேரு உலகம் பூரா தெரிஞ்சுபோச்சு!" என்று எழுதிக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். ஐந்து நிமிடத்தில், அப்பா குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது. அவருக்கு ஒரு படத்தை அழிக்கக்கூடத் தெரியாது. அன்றைக்கு மட்டும் வெளியேறும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். ஏழு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸில் கால் வைத்ததுமே, கணக்கிலிருந்து காப்பி வரை எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஷார்மைன் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வணிகச் சங்கத்துல இருந்து சிவநேசன் சார் மறுபடியும் கூப்ட்டாரு. மாநாட்டுல நீங்க கத்துக்கிட்டது அஞ்சு பாயின்ட் வேணுமாம். அவங்க இதழ்ல போடணுமாம், இன்னைக்கே லா."

"அஞ்சுக்கு எங்க போவேன்? மைக் முன்னால வாயைப் பொத்திக்கணும். அது ஒண்ணுதான் கத்துக்கிட்டேன்."

"அத அப்படியே டைப் பண்ணவா?"

அவளை முறைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் தேடி நாலு சுற்றுச் சுற்றி, ஏழாவது மாடிக்குப் போனால் கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு டோரிஸ் ஆன்டி எட்டிப் பார்த்தார். "கீழ கிஷன் கடைக்குப் போயிருக்காரும்மா. நேத்து ராத்திரியில இருந்து மூஞ்சியே சரியில்ல. பார்த்துப் பேசு."

கிஷன் கடை சின்ன மினிமார்க்கெட். உள்ளே போனேன். கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அப்பா நின்றார். முன்வரிசையில் இருந்த வேறொரு கம்பெனி மாவையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, என் பாக்கெட்டுகளைப் பெயர் தெரியும்படி முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஊறுகாய் அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"அங்கிள், வாரா வாரம் இதே வேலையா?" கல்லாவிலிருந்து கிஷன் கத்தினார். "அந்தக் கம்பெனிக்காரன் வந்தா என்னையில்ல திட்டுறான்?"

"திட்டட்டும்" என்று அப்பா திரும்பினார். என்னைப் பார்த்தார். ஒரு நொடி தடுமாறினார். பிறகு நிமிர்ந்து, "வாங்க மிஸ்டர் ரெங்கசாமி" என்றார்.

"அப்பா, அது வந்து... விளையாட்டா சொல்லிட்டேன்."

"விளையாட்டா? அத்தன நாட்டுக்காரன் முன்னால பொய் சொல்லிட்டு வந்திருக்கே. நான் ஒரு பாக்கெட்கூட வாங்கலையா? கிஷன், நீயே சொல்லுய்யா இவகிட்ட."

கிஷன் தலையைச் சொறிந்தார். "அக்கா, நான் இந்தக் கடைய எடுத்து ஏழு வருஷம். வெள்ளிக்கிழமை உங்க லோரி வந்து இறக்குனதும் முதல் ஆளா அங்கிள்தான் வருவாரு. ரெண்டு பாக்கெட். ஒரு வாரம் தவறுனதில்ல. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எந்தக் கடையில் எந்தக் கிழமை எத்தனை பாக்கெட் போகிறது என்று என் கைபேசியிலேயே பார்க்கலாம். அந்த இரண்டு பாக்கெட்டை யார் தூக்கிக்கொண்டு போகிறார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஐஸ்பெட்டியில் இடமில்லை என்றாரே, அன்றைக்கு நிஜமாகவே இடம் இருந்திருக்காது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"வேணாம்னு அத்தன பேச்சுப் பேசுனவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" குரல் இறங்கியது. "போன மாசம் புளிப்புக் கம்மியா இருந்துச்சு. இப்ப பரவால்ல."

அது உண்மைதான். போன மாதம் ஒரு மெஷின் மக்கர் பண்ணியது. எங்கள் தரக் கட்டுப்பாட்டு ஆட்களே அதைப் பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

"அப்ப காப்பார் திறப்புக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். இத்தனை வருடம் கேட்கப் பயந்த கேள்வி, மினிமார்க்கெட்டில் ஊறுகாய் அலமாரிக்குப் பக்கத்தில் கேட்க வந்தது.

"நீ கூப்ட்டியா?"

"கார்டு அனுப்புனேனே!"

"குரூப்புக்கு அனுப்புனே. நாப்பது பேருல நானும் ஒருத்தன். மக நேர்ல வந்து கூப்புடுவான்னு வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருந்தேன். இப்ப ஷா ஆலத்துக்கும் அதே கார்டு. பூ ஆடுது, பாட்டு வேற பாடுது."

இந்தத் திறப்புக்கு அழைக்க, சிவநேசன் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு போனேன். பேங்க் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். அமைச்சு அதிகாரியின் ஆபீஸ் வாசலில் தட்டோடு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அப்பாதானே, அவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். கல்யாணமோ கிரகப்பிரவேசமோ, முதல் தட்டு யாருக்குப் போக வேண்டும் என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது.

"கிஷன், வெத்தல இருக்கா?"

கிஷன் கெட்டிக்காரர். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் நொடியில் வந்தது. தட்டுக்கு என்ன செய்வது என்று விழித்தேன். அவர் தராசின் மேலிருந்த எவர்சில்வர் தட்டைக் கழற்றித் துடைத்து நீட்டினார். வரிசையில் காசு கட்ட நின்றவர்கள் எல்லாம் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஷா ஆலத்துல புது ஃபேக்டரி திறக்கிறோம். நீங்கதான் வந்து விளக்கேத்தணும்."

அவர் உடனே வாங்கவில்லை. பழத்தைப் பார்த்தார், வெற்றிலையை எண்ணுவதுபோல் பார்த்தார், கிஷனைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது, அதனால்தான். கடைசியில் கைகள் இரண்டும் நீண்டு தட்டை வாங்கின. ஒன்பது வருடப் பாரம் என் நெஞ்சிலிருந்து இறங்கியது. அந்த மண்டபத்துக் கைதட்டலையெல்லாம் இதற்காகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

"அங்கிள், தட்டு என்னுது" என்றார் கிஷன்.

"தெரியும்யா." அப்பா தோளை நிமிர்த்திக்கொண்டு, அதே தட்டைக் கிஷன் பக்கம் நீட்டினார். "ஞாயித்துக்கிழமை என் மக ஃபேக்டரி திறக்குறா. நான் நேர்ல கூப்புடுறேன். கடைய மூடிட்டு, பெண்டாட்டி புள்ளைங்களோட வந்துடணும்."

அடுத்து வரிசையில் நின்ற அம்மாள். அதற்கடுத்து முட்டை வாங்க வந்த மனிதர். அப்பா தட்டோடு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். பிறகு, "மேல டோரிஸு வீட்ல ஆரம்பிப்போம், வா" என்று என்னை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார். அந்நேரம் பார்த்து ஷார்மைன் கூப்பிட்டாள். "அக்கா, சார் லைன்ல இருக்காரு. அந்த அஞ்சு பாயின்ட் என்ன ஆச்சு?"

"அது கெடக்கட்டும் ஷார்மைன். பந்தல்காரனுக்குப் போன் போட்டு இன்னும் நூறு நாற்காலி போடச் சொல்லு. அப்பா கூப்புட ஆரம்பிச்சுட்டாரு."