தர்மலிங்கம் எடுத்த எல்லா நம்பர்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலா கெத்தில் ஊரில் தர்மலிங்கம் எடுத்த லாட்டரி நம்பர் எதுவும் முப்பத்தோரு வருஷமாக விழுந்ததில்லை. அதற்கு ஒன்று கூடவோ ஒன்று குறையவோதான் விழுந்தது. நாலு இலக்க நம்பர், வாரத்தில் மூன்று குலுக்கல், குலுக்கலுக்கு இருபத்து மூன்று பரிசு. கடைசியில் வருகிற ஆறுதல் பரிசுகளில் ஒன்று தவறாமல் அவர் நம்பருக்குப் பக்கத்து நம்பராக இருக்கும். அவர் 2750 எடுத்தால் 2751 விழும். மனுஷன் சாமர்த்தியமாக இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றாக எடுத்தால், 2752 விழும். இதைச் சோதித்துப் பார்க்கப் பினாங்கிலிருந்து ஒருவர் வந்து, மூன்று வாரம் லாட்ஜில் தங்கி, சோதித்து, இரண்டு முறை பரிசும் வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனார். தர்மலிங்கம் சொந்தமாகச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். யார் மீதும் கோபப்படத் தெரியாதவர். அடுத்த குலுக்கலுக்கு வேறு நம்பர் யோசிப்பார், அவ்வளவுதான்.

ஊருக்கு இது வசதியாகப் போயிற்று. நூர்தீன் கடையில் அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இன்றைக்கு என்ன எடுத்தேன் என்று சொல்வார். கண்ணாடிக் கிளாஸ் காலியாவதற்குள் ஊர் முழுக்கப் பக்கத்து நம்பரை எடுத்து முடித்திருக்கும். ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, அறுபது வெள்ளி. அதில் யாரும் பங்களா கட்டிவிடவில்லை. ஆனால் கோலா கெத்திலில் ரைஸ் குக்கர் இல்லாத தமிழ் வீட்டைக் காட்டுங்கள், பார்க்கலாம். கெடாவில் நம்பர் கடைகளை மூடிய பிறகு சனங்கள் மூடா ஆற்றைத் தாண்டிப் பினாங்குப் பக்கம் போய் எடுத்தார்கள். தர்மலிங்கமும் போனார். ஆறு தாண்டியதில் அவருக்கு ஒரு மாற்றமும் இல்லை.

அவர் மனைவி நவமணி அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அதுவும் நம்பரால்தான். கடலோரத் தஞ்சோங் டாவாயில் நவமணியின் அக்கா புருஷன் இறந்தபோது, பிரேதத்தை ஏற்றிப்போக வந்த வண்டியின் நம்பரைத் தர்மலிங்கம் உள்ளங்கையில் எழுதினார். சாவு வண்டி நம்பர், மோதிய கார் நம்பர் இதையெல்லாம் குறித்துக்கொள்வது நம் ஆட்களின் வழக்கம்; மற்றவர்கள் சந்துக்குப் போய் மறைவாக எழுதுவார்கள், இவர் அக்காவின் எதிரிலேயே எழுதினார். அதுகூடப் பொறுக்கலாம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நம்பர் விழுந்து, பாடை தூக்கிய நாலு பேருக்கும் பரிசு கிடைத்து, கருமாதிக்குப் புதுச் சட்டையில் வந்தார்கள். அக்காவுக்குப் பதிலாக நவமணிதான் பேசினாள். “எங்கக்கா வீட்டு எழவுலகூட ஊருக்குத்தான் அடிக்குது, உங்களுக்கு அடிக்கல. உங்க நம்பர்னு ஒண்ணு விழட்டும், அன்னைக்கு நான் வீட்டுக்கு வர்றேன்,” என்று சொல்லி, அக்காவோடு தங்கிவிட்டாள். நெத்திலி காயவைக்கிற வேலையும் கிடைத்தது.

ஏழு வருஷம் அப்படியே ஓடியது. சண்டை என்று சொல்ல முடியாது. காலையில் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவாள். சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை. தர்மலிங்கமும் மாற்றச் சொல்லவில்லை, கொழுப்பு. ஆனால் அறுபது வயதில் லாரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோதுதான் நவமணி இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்பதை அவர் முழுசாகப் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். பூனை ஒன்று வாங்கினார். அதுவும் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

நூர்தீனின் மகள் பர்ஹானா இடைநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரு சனிக்கிழமை கல்லாவில் உட்கார்ந்திருந்தவளிடம் தர்மலிங்கம், இருக்கிற எல்லா நம்பரையும் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அவள் மார்க்கப்படி நம்பர் எடுப்பது ஹராம். கணக்குப் போடுவது ஹராம் இல்லை. பர்ஹானா பில் தாளில் போட்டுக் காட்டினாள். நாலு பூஜ்யத்திலிருந்து நாலு ஒன்பது வரை பத்தாயிரம் நம்பர். ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்றால் பத்தாயிரம் வெள்ளி. அத்தனை பரிசையும் கூட்டினால் வருவது ஆறாயிரத்து நானூறு.

“மூவாயிரத்து அறநூறு நஷ்டம், அங்கிள். நூறு தடவ எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே நஷ்டம்தான். இதுல சம்பாதிக்க முடியாது.”

“சம்பாதிக்க யாரும்மா கேட்டது? விழுமா விழாதா, அத மட்டும் சொல்லு.”

“எல்லாமே உங்க கையில இருந்தா விழாம எங்க போகும்? விழுந்துதான் ஆகணும்லா.”

தர்மலிங்கம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மூவாயிரத்து அறுநூறு வெள்ளிக்கு நவமணி வீட்டுக்கு வருகிறாள் என்றால் அது அவருக்கு மலிவாகப் பட்டது. விஷயம் தெரிந்ததும் ஊர் கூடியது. இத்தனை வருஷம் அவரால் வாங்கியதையெல்லாம் நினைத்து, கல்யாண வீட்டில் எழுதுவதுபோல மொய் எழுதினார்கள். குறைந்ததை அவர் லாரி விற்ற காசில் போட்டார். “நம்பருக்கு நான் காசு தர மாட்டேன் அண்ணே, எனக்கு ஆகாது. எடுக்கப் போறவங்களுக்குச் சாப்பாடு என் பொறுப்பு,” என்றார் நூர்தீன். முப்பது மோட்டார் சைக்கிள்கள் ஆற்றைத் தாண்டின. மூன்று நாள் எடுத்தார்கள். அக்கரைக் கடைகளில் அச்சடிக்கிற தாள் தீர்ந்து ஈப்போவிலிருந்து வரவழைத்தார்கள். வாங்கிவந்த ஒவ்வொரு சீட்டையும் தர்மலிங்கத்தின் கையில் வைத்து, “இது உங்களோடது,” என்று வாயால் சொல்லிக் கொடுத்தார்கள், பின்னால் பேச்சு வரக்கூடாது என்று. இரண்டு அரிசிச் சாக்கு நிறைந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் தஞ்சோங் டாவாயிலிருந்து நெத்திலி லாரி வந்தது. ஓட்டிவருகிறவன் லோகேஸ்வரன், நவமணிக்குத் தெரிந்த பையன். எதை மொத்தமாக வாங்கினாலும் ஒன்றை எடுத்துச் சும்மா கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கண் பட்டுவிடும் என்பது தோட்டத்து ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கை போகும். தர்மலிங்கம் யோசிக்கக்கூட இல்லை. சாக்கின் மேலே கிடந்த ஒரு சீட்டை எடுத்து லோகேஸ்வரனிடம் கொடுத்து, “நவமணிகிட்ட குடுத்துரு. ராத்திரிக்குள்ள சேதி வரும், பொட்டி கட்டி வைக்கச் சொல்லு,” என்றார். லாரி போன பிறகுதான் பர்ஹானா வந்தாள். கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

“ஒண்ணு குறைஞ்சா அது பத்தாயிரம் இல்லயே, அங்கிள்.”

“பத்தாயிரத்துல ஒண்ணு போனா என்னம்மா குறைஞ்சிரப் போகுது?”

மாலை ஏழு மணிக்குக் குலுக்கல். கடையில் நிற்க இடமில்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி. முதல் பரிசு 6138 என்று வந்தது. தர்மலிங்கம் சிரித்தார், ஆறாயிரத்துக் கட்டைப் பிரித்துத் தேடினார்கள். 6137 இருந்தது, 6139 இருந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பரிசு வந்தது, 6138. மூன்றாவதும் 6138. அதன் பிறகு யாரும் தேடவில்லை. சிறப்புப் பரிசு பத்தும், ஆறுதல் பரிசு பத்தும் அதே நம்பர்தான் விழுந்தது. குலுக்கல் நடத்துகிறவர்கள் குலுக்கல் உருளையை நிறுத்தி, பந்துகளை எண்ணி, ஆளை மாற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அதுதான் வந்தது. சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் எழுதப்படவில்லை என்பதால் முடிவை அப்படியே அறிவித்தார்கள். மறுநாள் பத்திரிகையிலும் இருபத்து மூன்று முறை அச்சானது. அச்சுப் பிழை என்று யாரும் கடிதம் எழுதவில்லை.

தர்மலிங்கம் இரண்டு சாக்குக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதார். அத்தனை பேர் எதிரில், வெட்கப்படாமல் அழுதார். பணம் போனதற்காக இல்லை. இதற்கு மேல் எடுப்பதற்கு நம்பரே இல்லை என்பதற்காக. நூர்தீன் விளக்குகளில் பாதியை அணைத்து, கூட்டத்தை மெதுவாக வெளியே அனுப்பினார். அப்போது நவமணியிடமிருந்து போன் வந்தது. அவர் எடுக்க மாட்டேன் என்றார். பர்ஹானா எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தாள்.

“என்னங்க, ஒரு சீட்டு அனுப்புனீங்களே. எல்லாமே அதுலதான் விழுந்திருக்குன்னு இங்க சொல்றாங்க.”

“ஆமா.”

“அப்ப அது யார் நம்பர்?”

தர்மலிங்கம் நினைத்திருந்தால் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எடுத்தவர் அவர்தான், காசும் அவருடையதுதான், கடையில் இருந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். “உன்னோடதுதான், நவமணி. உனக்குன்னு குடுத்தது,” என்றார்.

“என்னோடதுதான். உங்க நம்பர் விழுந்தா நான் அங்க வர்றேன்னு சொன்னேன். விழுந்தது என் நம்பர். அப்ப நீங்கதான் இங்க வரணும்.”

“நான் வரலாமா?”

“ஏழு வருஷத்துல இத ஒரு தடவ கேட்டிருந்தா எப்பவோ வரச் சொல்லியிருப்பேன்லா. லோகேஸ்வரன் காலையில மீன் எறக்க வருவான். வண்டியில ஏறி வாங்க.”

காலையில் அவர் ஏறினார். வீட்டுச் சாவியை நூர்தீனிடம் கொடுத்தார். வழி முழுக்க அவர் ஒரு வண்டியின் நம்பரையும் பார்க்கவில்லை என்று லோகேஸ்வரன் பிறகு சொன்னான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தாராம். தஞ்சோங் டாவாயில் நவமணி நெத்திலித் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, இளைத்துப் போயிருக்கிறீர்கள் என்றாள். பிறகு தட்டின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள், அவர் பிடித்தார்.