துரை கண்டுபிடித்த வெள்ளம்

சிற்றாறு எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க, 1934-ஆம் வருஷத்துச் சாரலில் பென்டன் துரை குற்றாலத்துக்கு வந்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் மலையில் அந்த இடத்துக்கே கூட்டிப் போயிருப்பார்கள். கேட்டுத் தெரிந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாதே.

ஆற்று நடுவே அகலமான பாறை ஒன்று உண்டு. பாசி கிடையாது, புல் கிடையாது. துலக்கி வைத்த தாம்பாளம்தான். அதில் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார் துரை.

குளிக்கிறவர்களை எப்போது கரையேற்றுவது என்று சொல்வது நாலு தலைமுறையாக வல்லிநாயகம் பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அதற்காகவே கோயிலில் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் முதலில் அந்த வீட்டுக்கு. அன்று மத்தியானம் தண்ணீர் கருத்து, மக்கிய சருகு மிதந்து வந்தது. பிள்ளை அத்தனை பேரையும் கரையேற்றினார். துரை மட்டும் அசையவில்லை.

"பாறை ஏன் சுத்தமா இருக்குன்னு கேளும் ஓய். வெள்ளம்லா கழுவிட்டுப் போவுது!" என்றார் பிள்ளை.

துரைக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி ஆவுடைநாயகம் பாறைக்குப் போய்க் கேட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினார்.

"வெயில் அடிக்கு, வெள்ளமாவதுன்னு சிரிக்காரு அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள வெள்ளம் வரலைன்னா, பரிவட்டத்த நிறுத்தச் சொல்லி சர்க்காருக்கு எழுதிப் போடுவாராம்."

பிள்ளையின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "எழுதட்டும். பேனாவக் கரையில வச்சிட்டு உக்காரச் சொல்லும்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. வெள்ளம் வரவில்லை.

"அண்ணாச்சி, தலையில வச்ச எண்ணெய் காஞ்சு போச்சு. இறங்கவா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். பிள்ளை கரையோர மருதமரத்தில் ஒரு வடத்தைக் கட்டச் சொன்னார்.

கட்டி முடிப்பதற்குள் மேலே கல் உருளும் சத்தம் கேட்டது. கூடாரம் போயிற்று, நாற்காலி போயிற்று. கரையிலிருந்து வீசிய வடத்தைப் பிடித்துக் கரையேறிய துரைக்குக் கால்சட்டையும் போயிருந்தது. பிள்ளை தம் தோளில் கிடந்த நேரியலை எடுத்து நீட்டினார்.

"கட்டிக்கிடச் சொல்லும். பரிவட்டம் இல்ல, பயப்பட வேண்டாம்."

இரண்டு மாதம் கழித்து ஆவுடைநாயகம் ஒரு சர்க்கார் தாக்கீது கொண்டுவந்து வாசித்தார்: 'சருகு மிதந்து நீர் கருத்தால் வெள்ளம் வரும் என்று பென்டன் துரை கண்டறிந்துள்ளார். சுதேசிகள் இதை அறியாதபடியால், அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியது.'

"தெரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணுமாம் அண்ணாச்சி," என்றார், தலையைத் தூக்காமல்.

பிள்ளை நிதானமாகப் பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினார்:

'மேற்படி கண்டுபிடிப்பின்போது துரையவர்கள் இடுப்பில் இருந்தது எங்கள் வீட்டு நேரியல். இன்னும் திரும்பி வரவில்லை.'