ஐம்பத்தேழாம் எண் சட்டை

ஜனவரியில்கூட டெக்சாஸில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் வடக்கு டகோட்டாவிலிருந்து கிளம்பிய காலையில் கார்க் கதவு பனியில் உறைந்து திறக்கவே மாட்டேன் என்றது. அதனால் சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டும்போது போடுகிற தடிக் கோட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே பார்த்தால், மைதானத்துக்கு வெளியே எங்கள் ஊர்க்காரர்கள் அரைக்கைச் சட்டையோடு நின்று சாசேஜ் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆர்லன், அந்தக் கோட்டைக் கார்லயே போட்டுட்டு வாயேன். போர்வை விக்கிறவன் மாதிரி தூக்கிட்டு அலையற" என்றாள் என் மனைவி கொரீன்.

"சாயங்காலம் குளிரும். அப்ப நீதான் முதல்ல கேப்ப, பாரு."

கோட்டைப் போட்டுக்கொள்ளவும் மாட்டேன். போட்டால் உள்ளே இருக்கும் சட்டை மறைந்துவிடுமே! எங்கள் மகன் லேண்டன் ஆடும்போது போடுகிற அதே பச்சைச் சட்டை, முதுகில் ரஸ்டாட் என்று எங்கள் குடும்பப் பெயர், அதன் கீழே பெரிதாக ஐம்பத்தேழு, மார்பிலும் அதே எண். ஆட்டக்காரர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் அப்படிப் போட்டுக்கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம். நான்கு வருடத்தில் நான் ஒரு ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை. அந்தச் சட்டை இல்லாமல் போனதும் இல்லை.

லேண்டனின் வேலையைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள்; அப்படி முன்னேற முடியாமல் அதை எட்டி உதைக்க வேண்டிய நேரம் வரும்போது மட்டும் அவன் உள்ளே போவான். குனிந்து, தன் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைப் பின்னால் எறிவான். தூரத்தில் நிற்கும் உதைப்பவனின் கைக்கு அது நேராகப் போக வேண்டும். அதற்கு ஸ்னாப் என்று பெயர். அவ்வளவுதான் வேலை, உடனே வெளியே வந்துவிடுவான். ஓடுகிறவன் பெயரைச் சொல்வார்கள், பிடிக்கிறவன் பெயரைச் சொல்வார்கள். ஸ்னாப் போடுகிறவன் பெயரை ஒலிபெருக்கியில் யாரும் சொல்வதில்லை. நான்கு வருடமாக எனக்கு அது ஒரு குறை. அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

"ஐம்பத்தேழு நம்ம பையன்தான்" என்று சாசேஜ் சுடுகிறவரிடம் சொன்னேன். கார் நிறுத்த இடம் காட்டியவரிடம் சொன்னேன். எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு போன ஒரு கிழவரையும் நிறுத்திச் சொன்னேன். "ஏப்ரல்ல தொழில்முறை அணிக்காரங்க கல்லூரிப் பசங்களைத் தேர்ந்தெடுப்பாங்க இல்ல? அப்ப இவன் பேரும் வரும், பாத்துட்டே இருங்க."

"ஊரெல்லாம் தமுக்கு அடிக்காதே, ஆர்லன். அவனுக்கே கூச்சமா இருக்கும்" என்றாள் கொரீன்.

"என் பிள்ளை, நான் சொல்றேன். யாரு கேக்கறது?"

உண்மையில் எனக்குள் உதறலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தொழில்முறை அணிக்கும் ஸ்னாப் போட ஒரே ஒரு ஆள்தான். நாடு முழுக்க முப்பத்திரண்டு வேலை. அதில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ காலியானால் பெரிய விஷயம். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிப் பக்கம் தேர்வாளர்கள் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். இன்று சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் என்பதால் ஒருவர் வருகிறார் என்று பயிற்சியாளர் லேண்டனிடம் சொல்லியிருந்தார். இந்த ஒரு நாள்தான் அவனுக்கு வாய்ப்பு. இது போனால் எங்கள் ஊருக்கு வந்து என்னோடு பனி அள்ள வேண்டியதுதான்.

எங்கள் இருக்கைகள் அணியின் பெஞ்சுக்குப் பின்னாலேயே, மூன்றாவது வரிசை. லேண்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. குனிவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்ப்பான். நான் தொப்பியின் நுனியைத் தொடுவேன். உடனே குனிந்துவிடுவான். முதல் பாதியில் நான்கு தடவை பார்த்தான், நான்கு தடவை தொட்டேன், நான்கு ஸ்னாப்பும் வெண்ணெயாகப் போய் விழுந்தன. நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம்.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிகிற நேரத்தில் கொரீன், "பசிக்குதுப்பா, நாச்சோஸ் வாங்கிட்டு வா. பந்து நம்மகிட்டதான் இருக்கு, இப்போதைக்கு அவனுக்கு வேலை வராது" என்றாள். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு மேலே கடைக்குப் போனேன். அனுமார் வால் மாதிரி வரிசை. கடைக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் வரிசையில் நிற்பதற்குள் எங்கள் ஆட்கள் சொதப்பி, உதைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்கள். திரையில் லேண்டன் குனிந்தான்.

பந்து உதைப்பவனின் தலைக்கு மேலே பறந்தது.

அவன் திரும்பி ஓடினான். பந்து உருண்டு உருண்டு எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் போனது. எதிரணிக்காரன் அதன் மேல் விழுந்தான். அடுத்த முயற்சியிலேயே பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டி ஏழு புள்ளி எடுத்துவிட்டார்கள். மூன்று முன்னால் இருந்த நாங்கள் நான்கு பின்னால் போனோம்.

"தவறான ஸ்னாப், எண் ஐம்பத்தேழு, லேண்டன் ரஸ்டாட்" என்று ஒலிபெருக்கி முழங்கியது. நான்கு வருடமாக நான் ஏங்கிய அறிவிப்பு!

வரிசை முழுக்கக் கொந்தளித்தது. எல்லாம் எங்கள் ஊர்ப் பச்சைச் சட்டைகள்தான். "டேய் ஐம்பத்தேழு, உனக்குக் கை எதுக்குடா?" என்று ஒருவன் திரையைப் பார்த்துக் கத்தினான். "ஒரே ஒரு வேலை! அதையும் ஒழுங்கா செய்யத் துப்பில்லை" என்றாள் ஒரு பெண். "எவன் பெத்த பிள்ளையோ!" என்றான் இன்னொருவன்.

எனக்குக் காது சுட்டது. என் முதுகே எரிவது போல இருந்தது. முதுகில்தானே பெயர் இருக்கிறது! நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கக்கூட இல்லை. கோட்டை எடுத்து மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

"சார், அந்தப் பையனைத் தெரியுமா?" என்று எனக்குப் பின்னால் நின்றவர் கேட்டார். ஒல்லியான, நரைத்த கறுப்பின மனிதர். எந்த அணியின் நிறமும் இல்லாத சாம்பல் சட்டை.

"எந்தப் பையன்?"

"ஐம்பத்தேழு."

"தெரியாது. நான் சும்மா ஆட்டம் பாக்க வந்தவன்."

அதோடு வாயை மூடியிருக்கக் கூடாதா? பாழாய்ப்போன வாய், மூடவில்லை. "இந்த மாதிரி ஆளையெல்லாம் எதுக்குத்தான் டீம்ல வெச்சிருக்காங்களோ" என்றும் சொன்னேன். வரிசையில் இரண்டு பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நாச்சோஸ் வாங்கிவிட்டேன். ஆனால் கீழே போகக் கால் வரவில்லை. அந்த மூன்றாவது வரிசையில் மற்றப் பெற்றோர்கள் இருப்பார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை, தட்டிக்கொடுத்துத் தொலைப்பார்கள். மேலேயே கம்பித் தடுப்பு ஓரமாக நின்றேன். வெயில் கொளுத்தியது. கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. சாம்பல் சட்டைக்காரர் ஒரு கிண்ணம் சில்லிக் குழம்பு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே நின்றார்.

ஆட்டம் முடியப் போகும் நேரம் மறுபடியும் எங்களுக்கு உதைக்கும் நிலை வந்தது. லேண்டன் உள்ளே ஓடினான். மைதானம் முழுக்கக் கூச்சல். குனிவதற்கு முன்னால் அவன் திரும்பிப் பார்த்தான். எங்கே பார்க்கிறான் என்று மேலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொரீன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவள் பக்கத்து இருக்கை காலி. அவன் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தான். என் கை தானாகத் தொப்பிக்குப் போனது. அங்கிருந்து அது யாருக்குத் தெரியப் போகிறது?

குனிந்தான். பந்து நூல் பிடித்த மாதிரி உதைப்பவனின் கையில் போய் உட்கார்ந்தது.

"ம்ம், இதுக்குத்தான் வந்தேன்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"எதுக்கு?"

"நான் ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் பாக்கறவன், சார். ஓடெல் ப்ரூயிட்னு பேரு. தப்பு எல்லாரும்தான் பண்ணுவாங்க. தப்புக்கு அடுத்த பந்து எப்படி வருதுன்னு பாக்கத்தான் எனக்குச் சம்பளம்." சில்லியை ஒரு வாய் சாப்பிட்டார். "இவன் அப்பாகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசணும்னு இருந்தேன். இடி விழுந்தாலும் ஒரு ஆட்டம் விடாம வருவாராமே. விழுந்த பையன் எழுந்து எங்க போவான்னு எங்களுக்குத் தெரியணும்."

சொல்லியிருக்கலாம். ஜிப்பை இறக்கினால் போதும், வாயைத் திறக்கவே தேவையில்லை. சற்று முன்னால் நான் சொன்னது இந்த மனிதர் காதில் விழுந்துவிட்டதே, இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வெயில் அதிகமா இருக்கு, சார். பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்தால் பேருந்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேலி ஓரமாகப் பெற்றோர்கள் நிற்பார்கள். பிள்ளைகள் குளித்துவிட்டு வந்து பேசிவிட்டு ஏறுவார்கள். கொரீன் அங்கே நின்றிருந்தாள். "எங்க போய்த் தொலைஞ்சே? உனக்கு என்ன ஆச்சோன்னு தவிச்சுப் போயிட்டேன். இந்த வெயில்ல கோட்டு எதுக்கு?" என்றாள். "குளிருது" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கி வர ஓடினாள்.

லேண்டன் வெளியே வந்ததும் செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"பந்து ஈரமா இருந்துச்சா?"

"இல்லைங்க. நான்தான் மேல எறிஞ்சிட்டேன்."

"காத்து அடிச்சுதோ?"

"காத்தும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் தப்புதான். லேண்டன் ரஸ்டாட், ஐம்பத்தேழு. பேரைச் சரியா போடுங்க. பாவம், உதைக்கிற பையனை யாரும் திட்டக் கூடாது."

இருபத்திரண்டு வயதுப் பயல் அந்தப் பெயரை அத்தனை கேமராவுக்கு முன்னால் சொன்னான். அதே பெயரை நான் கோட்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

அவன் வேலிப் பக்கம் வந்தபோது கூடவே அந்தச் சாம்பல் சட்டையும் வந்தது.

"அப்பா, இவர் மிஸ்டர் ப்ரூயிட். என்னைப் பாக்க வந்திருக்கார்" என்றான் லேண்டன். அழுதிருக்கிறான், கண் சிவந்திருந்தது. "சார், எங்கப்பா."

ப்ரூயிட் கையை நீட்டினார். முதல் தடவை பார்ப்பது போலக் கை குலுக்கினார். பிறகு அவனிடம், "தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்புக்கு அப்புறம் போட்ட அந்த ஸ்னாப்புக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுச்சு?" என்றார்.

லேண்டன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "அப்பாவைத் தேடினேன், சார். சீட்டுல காணோம். எப்பவும் இருப்பார். ஒரு நிமிஷம் பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம், கடையில கூட்டமா இருக்கும், அங்க மாட்டிக்கிட்டிருப்பார், எங்க இருந்தாவது பாத்துட்டுதான் இருப்பார்னு நெனச்சுக்கிட்டேன். குனிஞ்சேன்."

"ஆமா, செம கூட்டம்" என்றார் ப்ரூயிட். "நான்கூட வரிசையில உங்கப்பாவுக்குப் பின்னாடியேதான் நின்னேன்."

பின்னாடியே. அப்படியானால் நான் கோட்டு போடுவதற்கு முன்னால் என் முதுகில் இருந்த பெயரை அவர் படித்திருக்கிறார். தெரிந்துதான் பேச்சுக் கொடுத்திருக்கிறார், இரண்டு தடவையும். இப்போது என் பிள்ளைக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறார். அதைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஜிப்பை இறக்கினேன். சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கூட்டம் இல்லடா" என்றேன். "எல்லாரும் உன்னைத் திட்டினாங்க. நான் சட்டையை மறைச்சுட்டேன். இவர் கேட்டதுக்கு, உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ப்ரூயிட் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேருந்தைப் பார்த்தார். லேண்டன் என் நனைந்த சட்டையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தூரத்தில் கொரீன் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

லேண்டன் வேலிக்கு மேலாகக் கையை நீட்டினான். நான் அணைத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்து முன்னால் சாய்ந்தேன். அவன் என் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்து, ஜிப்பை மறுபடியும் கழுத்து வரை ஏற்றிவிட்டான்.

"அம்மா வராங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லிடாதே, தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினான்.