வெங்காயத்துக்கு அப்புறம் தேவதூதன்

வால்டர் இன்பநாதன் வாழ்நாளில் ஒரே ஒரு டிவி நிகழ்ச்சிதான் எடுத்தான். அதையும் எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று பூனாவில் டிவிப் பெட்டி வைத்திருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அவனும் அதைத்தான் சொன்னான்.

1979 கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. பெயர் 'பூனாவில் பெத்லகேம்'. அரை மணி நேரம். சினிமாப் படிப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்த இருபத்தாறு வயதுப் பையனை நம்பி, கேமராவும் பதிவுக் கருவியும் ஏற்றிய வேன் ஒன்றைப் பம்பாய் டிவி நிலையத்திலிருந்து அனுப்பி வைத்தார்கள். ஒரே ஒரு மத்தியானத்துக்கு. மறுநாள் அந்த வேன் கிரிக்கெட் மாட்சுக்குப் போயாக வேண்டும். ஆகவே நிறுத்தி நிறுத்தி எடுக்கிற பேச்சே இல்லை. கட்கியில் ஒரு சர்ச் ஹாலில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது முடிவு வரை ஓடியது.

மூன்று ராஜாக்களுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று அங்கி தைக்கக் கொடுத்திருந்தான். ஏரோதுக்குக் கருஞ்சிவப்பு. டிவி கறுப்பு வெள்ளை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தையல் கடையில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். திரையில் நான்கு பேரும் ஒரே சாம்பல். குழந்தையைக் கொல்லச் சொன்ன ஆளே காணிக்கையோடு வந்து மண்டியிட்டதுபோல இருந்தது. பனிக்காகத் தூவிய பஞ்சை ஆடுகள் தின்றன. மிச்சப் பஞ்சு யோசேப்பின் மூக்கில் ஏறியது. அவன் கடைசி வரை தும்மினான்.

இதெல்லாம்கூட மறந்திருக்கும். மறக்காதது தேவதூதன்.

தேவதூதனாக வந்தவள் மில்ட்ரெட், ஸ்கூல் டீச்சர். லாரி எஞ்சினைத் தூக்குகிற செயின் கப்பியை உத்தரத்தில் மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி அவளை மேலே ஏற்றினார்கள். நற்செய்தி சொல்லி முடித்ததும் கீழே இறங்கித் தொழுவத்தருகே மண்டியிட வேண்டும். இறங்கவில்லை. கப்பி சிக்கிக்கொண்டது. நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் தேவதூதன் அந்தரத்தில் தொங்கியபடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை முகம், ஒரு தடவை முதுகு.

ஏரோதின் கொடுமைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுதியது. கட்கி பஜாரில் வால்டருக்குத் 'தொங்கல்' என்று பெயர் விழுந்தது. அதன்பிறகு அவனுக்கு யாரும் கேமரா தரவில்லை. சிஞ்ச்வட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கையைப் பல்சக்கரத்தில் விடாதே, தலையில் தொப்பி போடு என்று தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டுகிற ஸ்லைடுகள் எடுத்தான். அவை நன்றாகவே இருந்தன.

ஒரு நல்லது நடந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன் மில்ட்ரெட்டைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். அவளுக்கு அந்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் நடுக்கூடத்தில் நின்று, கையை விரித்து, தொங்கிச் சுற்றிக் காட்டுவாள். "செயின் சிக்கிட்டு, நான் என்ன செய்யட்டும்? மேலயே குடியிருந்துரலாம்னு நெனச்சேன்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வால்டர் மட்டும் எழுந்து வெளியே போய் நிற்பான்.

ஐந்து வருஷம் கழித்து, மார்ச்சில் அவளுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு அவள் இல்லை.

அடக்கத்தன்று எல்லாரும் அழுதார்கள். பெட்டி தூக்கி வந்தவர்களுக்குப் படியில் எப்படித் திரும்ப வேண்டும் என்று வால்டர் வழி சொன்னான். அழுகை பிறகு வரும் என்றார்கள். வரவில்லை. சாப்பிட்டான், ஸ்லைடு எடுத்தான், தூங்கினான். கட்கி பஜாரில் இப்போது யாரும் 'தொங்கல்' என்று கூப்பிடுவதில்லை. மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். அது அதைவிட மோசமாக இருந்தது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவன் போபோடியில் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. ஷிஃப்ட் என்று பொய் சொல்லிவிட்டு ஃப்ளாட்டிலேயே இருந்தான். சாயங்காலம் சேவியர் வந்தான். மில்ட்ரெட்டின் சித்தப்பா மகன். பம்பாய் டிவி நிலையத்தில் டேப்புகளை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலை.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு."

"அக்கா தொங்கினது இருக்கு."

"அழிச்சாச்சுன்னு சொன்னே."

"அழிச்சாச்சு, அத்தான். நீங்க சொன்னீங்கன்னு நானே அந்த டேப்பை விவசாய ப்ரோக்ராம்காரங்களுக்குக் கொடுத்தேன். டேப் விலைக்கு யாரு புதுசு தருவா? பழசு மேலதான் எடுப்பாங்க. ஆனா அவங்க ப்ரோக்ராம் சின்னது. அது முடிஞ்ச எடத்துக்கு அப்புறம் நம்ம கடைசிப் பகுதி அப்படியே கெடக்கு. போன வாரம் ஓட்டிப் பாத்தேன். அக்கா சுத்துறா." சேவியர் பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தான். "கேட்டு, பர்மிஷன் வாங்கித்தான் காப்பி போட்டேன். பெரியம்மா நாளைக்கு விசிஆர் வாடகைக்குச் சொல்லியாச்சு. நீங்க வந்தாத்தான் போடுவாங்களாம்."

"நான் வரலே."

"அப்ப அவங்களும் பாக்க மாட்டாங்க. பாத்துக்குங்க."

சேவியர் போன பிறகு வால்டர் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஊர் சிரித்த நிகழ்ச்சியை மறுபடி பார்க்க வேண்டுமே என்பது ஒரு பக்கம். அதையாவது சகித்துக்கொள்ளலாம். அவன் பயந்தது வேறு. மில்ட்ரெட் கண்முன்னால் அசைவாள், மூச்சு விடுவாள், சிரிப்பாள். அதைப் பார்த்தும் தனக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால்? பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாளே?

அதற்கு ஒரு வழி தோன்றியது. விசிஆர் பக்கத்தில் உட்கார வேண்டியது. உரிய நேரத்தில், மேலே புதிதாகப் பதிகிற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியது. படம் அழிந்துவிடும், வாடகை மெஷினில் கோளாறு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் லோக்கல் ரயில் பிடித்துக் கட்கியில் இறங்கி, போபோடிக்கு நடந்தான்.

மாமியார் பாக்கியவதி வாசலிலேயே நின்றிருந்தாள். சர்ச்சுக்குக் கட்டுகிற பட்டுப் புடவை. டிவி பார்க்க அதைக் கட்டியிருந்தாள்.

"வாங்க மாப்பிள்ள. என்ன இப்படி மெலிஞ்சி போயிட்டிய? நேத்தே வருவியன்னு முந்திரிக்கொத்தெல்லாம் எடுத்து வச்சேன்."

"ஷிஃப்ட், அத்தை."

"பண்டிகையன்னைக்கு என்ன ஷிஃப்டு? சரி, வந்தியள்லா, உள்ள வாங்க."

உள்ளே துரைசாமி கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்துக்காரர், வேலூர்ப் பக்கம் பூர்வீகம், லாரி ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். அன்றைக்குச் செயின் கப்பியைக் கொண்டுவந்ததும் இயக்கியதும் அவர்தான். இன்றைக்கு விசிஆரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

"வாங்கோ சார். பிக்சர் வந்துடுச்சி. சவுண்டுதான் தகராறு பண்ணுது."

"நகருங்க, நான் பாக்கிறேன்," என்றான் வால்டர். பெட்டியருகே தரையில் உட்கார்ந்துகொண்டான். சிவப்புப் பொத்தான் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது.

சேவியர் கேசட்டைச் செருகினான். ஒரு விவசாய அதிகாரி தோன்றி, வெங்காயத்தை எப்படிக் காயவைத்துச் சேமிப்பது என்று மராத்தியில் சொல்ல ஆரம்பித்தார்.

"இது யாரு?" என்றாள் பாக்கியவதி.

"இது முடிஞ்சாத்தான் அக்கா, பெரியம்மா. ஓட்டிவிட்டா எடம் தவறிடும். சும்மா பாருங்க."

பார்த்தார்கள். பட்டுப் புடவை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பிரசங்கம் கேட்பதுபோலப் பாக்கியவதி வெங்காயத்தைப் பார்த்தாள். அதிகாரி ஒரு மூங்கில் பட்டியைக் காட்டினார். காற்று கீழேயிருந்து மேலே போக வேண்டுமாம்.

"கரெக்டாதான் சொல்றாரு," என்றார் துரைசாமி. "எங்க வீட்ல மூட்டையோட வெச்சு அத்தினியும் அழுவிப் போச்சு."

"சும்மா இருங்க துரைசாமி. எம் மவ வரப் போறா."

வால்டர் விரலைப் பொத்தானருகே வைத்தான். அதிகாரி கும்பிட்டார். படம் ஒருமுறை கிழிந்து குதித்தது.

மில்ட்ரெட்.

முதுகுதான் முதலில் தெரிந்தது. ஜெலட்டின் தாளில் ஒட்டிய சிறகு, ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கீழே சாம்பல் நிற ராஜாக்கள். யாரோ தும்மினார்கள். மெதுவாக அவள் முகம் திரும்பி வந்தது.

பாக்கியவதி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

வால்டர் பார்த்தான். ஒன்றும் இல்லை. பயந்தபடியே ஒன்றும் இல்லை. உடம்பு கல்லாக உட்கார்ந்திருந்தது. பாக்கியவதி தன் பக்கம் திரும்புவதற்குள் அழுத்திவிட வேண்டும் என்று நினைத்தான். திரையில் மில்ட்ரெட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்த முடியவில்லை. கண்ணை வேறு எங்காவது வைக்க வேண்டியிருந்தது. பழைய பழக்கத்தில் அது படச் சட்டத்தின் ஓரத்துக்குப் போயிற்று: அங்கே இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று.

இருந்தது. இடது ஓரத்தில், மேய்ப்பர்களுக்குப் பின்னால், ஒரு ஆள். ஒர்க்ஷாப் சட்டை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடி, கைகூப்பி நிற்கிறார். பார்த்தவர்கள் அவரையும் ஒரு மேய்ப்பன் என்று நினைத்திருப்பார்கள்.

"அட, நானு!" என்றார் துரைசாமி. "நான்கூட கீறேன்!"

"என்ன பண்றீங்க அங்க?" என்றான் வால்டர்.

"ஜபம் நடக்குது இல்ல சார்? யோசேப்பு சொல்றாரு, எல்லாரும் முட்டி போட்டுட்டாங்கோ. நான் மட்டும் செயினைப் புடிச்சினு கடகடன்னு இழுத்தா நல்லாவா இருக்கும்?"

"அது ஜபம் இல்ல துரைசாமி. நடிப்பு."

"ஜபத்துல இன்னா சார் நடிப்பு? ஆமென்னு சொன்னாங்களா இல்லியா?"

சேவியர் எழுந்து நின்றுவிட்டான். "அப்ப கப்பி சிக்கல?"

"யாரு சொன்னது சிக்குச்சின்னு? ஜபம் முடிஞ்சுது, பாட்டு. பாட்டு முடிஞ்சுது, மறுபடி ஜபம். கடைசி ஆமென் சொன்னாங்கோ, அடுத்த நிமிஷம் பூ மாதிரி எறக்கிட்டேன். அப்புறம் பாத்தா, டீச்சரம்மா எல்லார்கிட்டயும் செயின் சிக்கிச்சுன்னு சொல்றாங்கோ. எனக்கே தெரியாம எங்கடா சிக்குச்சின்னு ரெண்டு நாளு கழட்டிப் போட்டு எண்ணெய் விட்டேன்."

வால்டர் திரைக்கு இன்னும் அருகே நகர்ந்தான். அன்று வேனுக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்; ஒளிபரப்பான அன்றும் பாதியில் எழுந்து போய்விட்டான். இந்தப் பகுதியை அவன் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான்.

முதுகு போய் முகம் வந்தது. மில்ட்ரெட் கீழே, துரைசாமி நிற்கிற பக்கம் பார்த்தாள். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். அவர் நிற்கிற நிலை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள். ஒரு கணம், வகுப்பில் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் விடுகிற டீச்சர்போல ஒரு சிரிப்பு. தலையை லேசாக ஆட்டிவிட்டு, மடங்கிய சிறகோடு, வசதியாகத் தொங்க ஆரம்பித்தாள்.

அதுதான் நடந்தது. அவரை யாரும் கேலி செய்துவிடக் கூடாது என்று கப்பிமேல் பழியைப் போட்டிருக்கிறாள். வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

"கள்ளி," என்றான் வால்டர்.

சத்தமாகச் சொல்லிவிட்டான். அவளோடு வாழ்ந்த காலத்தில் ஏமாந்த நேரமெல்லாம் அப்படித்தான் சொல்வான். மார்ச்சுக்குப் பிறகு அவளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள இனி எதுவும் இல்லை என்று இருந்தவனுக்கு, இதோ ஒன்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாம்பல் ராஜாக்களையும் தும்மலையும் பஞ்சு தின்னும் ஆட்டையும் பார்த்துச் சிரித்தான். ஊர் பார்த்துச் சிரித்ததை அவன் இன்றைக்குத்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது வேறாக மாறிவிட்டது. தோள் குலுங்கியது. பாக்கியவதி காப்பி போடப் போவதாகச் சொன்னாள். போகாமல், அவனுக்கு முகம் காட்டாமல், அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா?" என்று துரைசாமி சேவியரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இல்ல அண்ணே. நீங்க பக்கா."

திரையில் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஒளிபரப்பில் வராத கடைசித் துண்டில் தேவதூதன் பூப்போல இறங்கினாள். பிறகு வெறும் புள்ளிகள்.

வால்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளே எங்கோ இத்தனை மாதமாக இறுகிக் கிடந்தது விட்டுப்போனதுபோல இருந்தது. மூச்சு நன்றாக வந்தது. கேசட்டை வெளியே எடுத்தான்.

"அத்தை, கேக் வெட்டற கத்தி இருக்கா?"

"என்னத்துக்கு மாப்பிள்ள?"

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் பிறகு எதையும் பதிய முடியாது. கத்தி முனையைக் கொடுத்து நெம்பினான். டக்கென்று தெறித்தது.

"அய்யய்ய, ஒடச்சிட்டியளா!"

"ஒடையலே, அத்தை. இனிமே யாரும் இது மேல எதையும் எடுக்க முடியாது. நானும்கூட."

பாக்கியவதி பாதி புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். பலகாரத் தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அப்ப இன்னொரு வாட்டி போடுங்க. இந்தத் தடவ அவ எங்க பாக்குதான்னு எனக்கு விரல வச்சுக் காட்டணும்."