சுவர் வேண்டாம் என்றவள்

ஆற்று வெள்ளம் வாசல் வழியாக வரவில்லை. நிலவறைத் தரையிலிருந்த சாக்கடை வாய் வழியாக, குமிழியிட்டுக்கொண்டு வந்தது. ரோஸ்வித்தா செர்ரிப் பழ ஜாடிகளை மார்போடு அணைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி இறங்கியபோது அவளுடைய ரப்பர் செருப்பு மிதந்து படிக்கட்டுக்கே வந்திருந்தது. தெருவில் ஒலிபெருக்கி வண்டி ஊர்ந்தது. எல்லோரும் வெளியேற வேண்டும், மின்சாரம் துண்டிக்கப்படும். அவள் ஜன்னலைத் திறந்து, "நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்று கத்தினாள். வண்டி நிற்கவில்லை.

ஜெர்மனியில், லவுபெகாஸ்ட் என்ற இந்தப் பகுதியில் எல்பெ ஆறு வளைந்து போகிறது. அதன் பழைய தடம் குடியிருப்புக்குப் பின்னால் புல்வெளியாகக் கிடக்கிறது. வெள்ளம் பெருகினால் முதலில் அந்தப் பக்கம்தான் நிரம்பும்; ட்ரெஸ்டன் நகரத்திலிருந்து குடியிருப்பு தீவாகப் பிரிந்து நிற்கும். பதினோரு வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் ரோஸ்வித்தா சொன்னபடி கேட்டவள். கணவன் லோதாரோடு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில், மடக்குக் கட்டிலில் படுத்துக் கிடந்தாள். திரும்பி வந்தபோது வீட்டுச் சாமான்களை யாரோ குப்பையாக வாரித் தெருவில் போட்டிருந்தார்கள். லோதார் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அந்தக் கட்டிலில், விலாசம் இல்லாதவனைப் போலத் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்கு இன்னும் தாங்க முடியாதது. டிராம் ஓட்டிப் பிழைத்தவள் அவள். இனி யார் மணியடித்தாலும் தன் வீட்டைவிட்டு இறங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

வெள்ளத்தைத் தடுக்கக் கரை நெடுக ஆள் உயரச் சுவர் எழுப்புவதாகப் பேச்சு வந்தபோது, தேவாலயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் முதலில் எழுந்தவளும் அவள்தான். "என் கம்பளம் நனையாம இருக்க நான் ஜெயிலுக்குள்ள உக்காரணுமா?" என்றாள். பாதிக் கூடம் கைதட்டியது. அடுத்த வீட்டு ஃபோல்க்மார் எழுந்தார். அவருடைய மனைவி மார்லிஸுக்கு நுரையீரல் பழுது. இயந்திரம் மூச்சுக் கொடுத்தால்தான் உண்டு. "உனக்கு ஆத்த வேடிக்கை பாக்கணும். என் பொண்டாட்டிக்கு மூச்சு விடணும்" என்றார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அன்றிலிருந்து அவர் அவளை 'நீ' என்று கூப்பிடுவதை விட்டு, 'நீங்க' என்று தள்ளி வைத்தார். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலிருந்த சின்னக் கதவுக்கு ஆணி அடித்தார். மார்லிஸ் மட்டும் ஜன்னலிலிருந்து கையசைப்பாள்.

மின்சாரம் போனது பிற்பகலில். தெரு முழுக்க அமைதி இறங்கியது. அதில் ஒரு குறை இருப்பது ரோஸ்வித்தாவுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் எப்போதும் கேட்கும் இயந்திர முனகல் நின்றுபோயிருந்தது.

லோதாரின் துடுப்புப் படகு ஏற்கெனவே வாசல் கம்பியில் கட்டிக் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். ஜூன் மாதத் தண்ணீர். ஆனாலும் எலும்பைக் கடித்தது. ஃபோல்க்மாரின் கதவு திறந்தே கிடந்தது. அவர் படிக்கட்டின் மேல்படியில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பாக்க வந்தீங்களா? நான் சொன்னது சரியாப் போச்சான்னு?"

"மார்லிஸ் எங்க?"

"படகு அனுப்புறோம் அனுப்புறோம்னு சொல்லிட்டே இருக்காங்க. கையில ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர்தான் இருக்கு. அதுவும் சின்னது." பிறகு, குரல் உடைந்து, "நேத்தே கெளம்பியிருக்கணும். இவதான் மாட்டேன்னா" என்றார்.

உள்ளேயிருந்து மார்லிஸின் குரல் மெல்ல வந்தது. "ரோஸ்வித்தா இருக்கால்ல... நான் மட்டும் எதுக்குப் போகணும்?"

ரோஸ்வித்தாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தன் பிடிவாதத்தை இன்னொருத்தி கடன் வாங்குவாள் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. மேலே ஏறிப் போனாள். மார்லிஸின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எனக்கு நுரையீரல் நல்லா இருக்குடி. அதனால நான் திமிர் பிடிக்கலாம். நீ எந்திரி."

மார்லிஸ் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

இருவருமாக அவளைச் சாய்வு நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். ஃபோல்க்மார் மூச்சு வாங்க, "இடது பக்கம், இடது பக்கம்" என்றார். "டிராமுக்கே நான் வழி கேட்டதில்ல, வாயை மூடிட்டுத் தூக்கு" என்றாள் அவள். படகில் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஃபோல்க்மார் உட்கார, ரோஸ்வித்தா துடுப்புப் போட்டாள். தோட்ட வேலிகளின் முனை மட்டும் தெரிந்தது. பழைய தடத்தில் நீரோட்டம் இழுத்தது. ஒரு ஆப்பிள் மரத்தின் மேல் மோதி, சுழன்று, மீண்டாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. நடுவில் மார்லிஸ் முகமூடியைத் தூக்கி, "எவ்வளவு அகலம்!" என்றாள். ஃபோல்க்மார் அதை மறுபடி அவள் மூக்கில் அழுத்தினார்.

அக்கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மார்லிஸை ஏற்றியதும் தீயணைப்புக்காரர் ஒருவர் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்களும் இறங்குங்க. திரும்பிப் போக விட மாட்டோம்."

"கயித்த விடுப்பா."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"போன தடவையும் என் நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அந்த நல்லது எனக்குப் போதும்."

அவர் ஃபோல்க்மாரைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. ஆம்புலன்ஸ் படியில் ஒரு கால் வைத்திருந்த ஃபோல்க்மார் திரும்பி அவளைப் பார்த்தார். "அவ கேக்க மாட்டா. விடுங்க" என்றார். கயிறு தண்ணீரில் விழுந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு அவள் வீட்டுச் சுவரை இடுப்பு உயரம்வரை கொத்தி எடுக்க வேண்டியிருந்தது. தரைப் பலகைகள் உப்பி வெடித்தன. கோடை முழுக்க வாடகைக்கு எடுத்த உலர்த்தி இயந்திரங்கள் உறுமின. மகள் ஷ்டுட்கார்ட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இப்பவாவது ஆத்துச் சுவருக்குச் சரின்னு சொல்லும்மா" என்றாள். ரோஸ்வித்தா செங்கல் தெரியும் சுவரில் சாய்ந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "வந்தா வரட்டும், கழுவிக்கிறேன். தெனமும் ஆத்தப் பாக்காம இருக்க முடியாது" என்றாள்.

இலையுதிர் காலத்தில், சுவர் எவ்வளவு உயரம் வரும் என்று மக்களுக்குக் காட்ட ஆற்றோரப் பாதையில் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. ஃபோல்க்மார் மார்லிஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ரோஸ்வித்தா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசு மாறலையா இன்னும்?" என்றார் ஃபோல்க்மார்.

"இல்ல. நீ?"

"நானும் இல்ல. இது இருந்திருந்தா அன்னிக்கு இவ அந்தப் பாடு பட்டிருக்க மாட்டா."

"அது உண்மைதான்" என்றாள் ரோஸ்வித்தா. "ஆனாலும் வேண்டாம்."

மார்லிஸ் தன் முகத்துக்கு நேரே நின்ற துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் ஏதோ படகு ஹாரன் அடித்துப் போனது.

"என்னைத் தூக்கு" என்றாள்.

"மார்லிஸ், கூட்டமா இருக்கு..."

"தூக்குன்னு சொன்னேன்."

அவர் குனிந்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கினார். ரோஸ்வித்தா சிலிண்டரை எடுத்துக்கொண்டு, குழாய் இழுபடாமல் ஒட்டி நின்றாள். துணிக்கு மேலே மார்லிஸின் தலை எழும்பியது; ஆறு தெரிந்தது, காற்று அவள் முடியைக் கலைத்தது. யாரோ உதவிக்கு நாற்காலியை நகர்த்தி வந்தார்கள். ஃபோல்க்மார் தலையசைத்து மறுத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் அவளைக் கீழே இறக்கிவிடவில்லை, அவளும் போதும் என்று சொல்லவில்லை.