பாலனுக்கு நூறு

விஸ்வநத்தம் கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷந்தோறும் மீசையை மழித்துக்கொண்டு மரியாளாக உட்கார்ந்தவர், உபதேசியாரின் மச்சினன் சாலமோன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் ஞானப்பூ அந்த இடத்தைச் சண்டை போட்டு வாங்கினாள்.

"பொம்பளை வேசத்தைப் பொம்பளை போட்டா குடியா முழுகிப்போகும்?"

"சரி, ஒரே ஒரு தடவை. ஆனா வாயைத் திறக்கப்படாது. மரியாளுக்கு வசனம் கிடையாது" என்றார் உபதேசியார். "ஒரு வார்த்தை பேசுனே, அடுத்த வருசம் சாலமோன்தான்."

வசனமெல்லாம் விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி லட்சுமிகாந்தத்துக்குப் போயிருந்தது. பந்தலும் விளக்கும் அவர் உபயம். பதிலுக்கு மூன்று ஞானிகளில் மூத்தவர் வேஷம். அவர் இந்து ஆயிற்றே என்று சிலர் முனகினார்கள். ஞானிகள் கிழக்கேயிருந்து வந்த வெளியூர்க்காரர்கள்தானே, விருதுநகரும் ஏறக்குறையக் கிழக்குத்தான் என்று உபதேசியார் வேதத்தைச் சமாதானப்படுத்தினார். மற்ற இரண்டு ஞானிகளுக்கும் மூத்தவரின் அங்கியைப் பின்னால் தூக்கிவரும் உத்தியோகம் கிடைத்தது.

அந்தச் சிவப்பு வெல்வெட் அங்கி, கசங்கக் கூடாதென்று அவருடைய கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

நாடகத்தன்று பந்தல் பிதுங்கியது. வைக்கோலில் ஞானப்பூ, மடியில் பாலன் இயேசுவாக அவள் அக்காள் மகன். லட்சுமிகாந்தம் மேடையேறி, ராஜபார்ட் தோரணையில் அங்கியை வீசி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யாம் கீழ்த்திசையின் சக்கரவர்த்... ஹச்!"

தாடி எகிறி முன்னணைத் தொட்டியில் விழுந்தது. யோசேப்பு தும்மினார். ஆடுகள் நாலும் தும்மின. கடைசியில் பாலனும், மெல்ல, "ஹ்ச்" என்றான்.

பிள்ளை தும்மினால் ஆயுசு சொல்லி வாழ்த்தாமல் எந்தப் பொம்பளை வாய் சும்மா இருக்கும்?

"நூறு!" என்றாள் ஞானப்பூ.

திரைக்குப் பின்னே உபதேசியார் தலையில் கைவைப்பது தெரிந்தது. போச்சு! உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாலன் மறுபடி தும்மினான்.

"இருநூறு!" என்றது பந்தல் முழுக்க. கம்பெனிப் பெண்கள் சொன்னார்கள். முன்வரிசையில் ஜவுளிக்கடை காதர் பாட்சா எழுந்து நின்றே சொன்னார்.

போனது போனதுதான் என்று ஞானப்பூவும் எழுந்தாள்.

"ஏய்யா ராசா! பச்சப்பிள்ளை மூஞ்சியில வத்தப்பொடிய உதறுறீகளே, நல்லாருக்கா? அங்கன போயி அதக் கழட்டிப் போட்டுட்டு வாங்க!"

கீழ்த்திசைச் சக்கரவர்த்தி பனியனும் வேட்டியுமாகத் திரும்பி வந்தார். ஒரு வசனமும் ஞாபகமில்லை. மண்டியிட்டு, "பிள்ளை நல்லாருக்கட்டும், தாயி" என்றார்.

கைதட்டலில் பந்தல் ஆடியது. வெளியே யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். ஏரோது ராஜாவை மேடையேற்றவே மறந்துபோனார்கள்.

கூட்டம் கலையாமல் ஞானப்பூ பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருசமும் நீயே உக்காரு தாயி. ஊரே கேக்குது."

"சும்மா உக்கார மாட்டேன் ஐயா. வசனம் வேணும்."

"மரியாளுக்கு வசனமே கிடையாதே!"

"எழுதுங்க" என்றாள் ஞானப்பூ, பிள்ளையை அக்காளிடம் கொடுத்தபடி.