கோணல் சைக்கிள்

கோணல் என்றால் எனக்கு ஆகாது. சுவரில் ஒரு படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், விருந்துக்குப் போன வீடானாலும் எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். "அடுத்தவங்க வீட்டுச் சுவரையாவது சும்மா விடேன்" என்று என் வீட்டுக்காரர் காதோரம் முனகுவார். முனகட்டும். தையல்காரி கண்ணில் கோணல் பட்டால் கை சும்மா இருக்குமா?

அவர் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். காலி செய்கிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் குழந்தை மாதிரி தூக்கச் சொல்வார்கள். கடைசியில் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளைக் காட்டி, "அதை எங்கயாவது போட்டுடுங்க" என்பார்கள். இவர் எங்கே போடுவார்? நேரே என் தலையில்தான் கொண்டுவந்து போடுவார். என் தையல் கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை இப்படித்தான் நிரம்பியது.

முதலில் சண்டைதான் போட்டேன். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் ஒரு சைக்கிளை ஓர் உதை உதைத்தேன். மட்கார்டின் துரு பொலபொலவென்று உதிர்ந்து, அடியில் கரும்பச்சை பெயின்டும் அதன்மேல் யாரோ கையாலேயே இழுத்த மெல்லிய தங்கக் கோடும் தெரிந்தன. கோடு என்றால் அப்படி ஒரு நேர்கோடு! அன்றைக்கே விழுந்துவிட்டேன். அதிலிருந்து அவர் பொறுக்கிக்கொண்டு வருவார், நான் பிரித்துப் பூட்டுவேன். துணி தைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் சைக்கிளுக்குத்தான்.

ஒரு மழைநாளில் அவர் லாரியிலிருந்து இறக்கிய சைக்கிளைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல பழைய கம்பெனி வண்டி, இரும்பு கல் மாதிரி இருந்தது. ஆனால் ஹேண்டில்பார் ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருந்தது. சீட் இடப்பக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. எல்லாவற்றையும் தூக்கியடித்தது வலது கிராங்க். பெடலைத் தாங்குகிற அந்த இரும்புக் கை இரண்டு பக்கமும் ஒரே நீளமாகத்தானே இருக்கும்? இதில் வலப்பக்கம் குட்டையாக, சின்னப் பிள்ளை சைக்கிளிலிருந்து கழற்றி மாட்டினதுபோல இருந்தது.

"எந்த மடையன் இதை மாட்டினதுங்க?"

"மடையன்னு எப்படி முடிவு பண்ணின? மடச்சியா இருக்கக் கூடாதா?"

"யாரா இருந்தாலும் கண்ணு பொட்டை. கிடைச்சதை மாட்டி அனுப்பியிருக்கு கடைக்காரன். வாங்கின ஜென்மமும் வாயை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கு."

விடுவேனா? மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, கிராங்கைப் பிடித்துக்கொண்டு மக்கர் பண்ணிய காட்டர் பின் ஆணியைச் சுத்தியால் தட்டி எடுத்து, இரண்டு கிராங்கும் ஒரே நீளத்தில் ஒரு ஜோடி தேடி மாட்டினேன். ஹேண்டில்பாரைக் குழாயில் நுழைத்து நிமிர்த்தினேன். சக்கரம் இரண்டுக்கும் கோட்டம் எடுத்தேன். சீட்டுக்குப் புதுத் தோல் தைத்து, மூக்கு நேர் முன்னால் பார்க்கும்படி முடுக்கினேன். பெல்லில் மட்டும் ஒரு பள்ளம், அதன் சத்தம் அழகாக இருந்ததால் விட்டுவைத்தேன். அந்தக் குட்டைக் கிராங்க் நல்ல கனம். வெட்டுகிற துணி நகராமல் இருக்க மேசைமேல் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தி, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

வாரக் கடைசியில் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது காலை மடக்காமல் வீசி வீசி நடந்து வந்தார். கையில் மருந்துப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி.

"லாரிக்காரர் வீட்டம்மா கடை இதுதானே? நான் இருந்த வீட்டை என் தம்பி காலி பண்ணினப்போ என் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிக் குடுத்துட்டானாம். அவர்கிட்ட கேட்டேன், இங்க இருக்கும்னார்."

எனக்கு நெஞ்சு விரிந்தது. "இதோ, உங்க முன்னாலதான் நிக்குது. பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு அதற்குப் பின்னால் வேறு சைக்கிள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். "இது இல்லைங்க..." என்று ஆரம்பித்தவர் பெல்லின் பள்ளத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஐயையோ. இதை என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

நான் நன்றியை எதிர்பார்த்து நின்றவள். சுருக்கென்றது. "என்ன பண்ணினேனா? உசிரு குடுத்திருக்கேன்! துருவெடுத்து, கோணல் நிமித்தி..."

"அதை யாரு நிமித்தச் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? கண்ணிருந்தா தெரியாது? ஓட்டித்தான் பாருங்களேன், வெண்ணெய் மாதிரி போகும்."

அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஏறினார். இடது பெடலை மிதித்தார், வண்டி நகர்ந்தது. வலது பெடல் மேலே வந்ததும் அவர் உடம்பே சீட்டைவிட்டு எம்பியது. அடுத்த நொடி சைக்கிளும் அவருமாக, நான் இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்த கோட்டுகளுக்குள் போய் விழுந்தார்கள். துணி மெத்தென்றிருந்ததால் அடி படவில்லை. ஆனால் அவற்றில் ஒன்று ஒரு டாக்டரின் கோட்டு, மறுநாள் கொடுக்க வேண்டியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்!" என்று கத்தியே விட்டேன்.

அவர் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினார். முட்டியைச் சுற்றிப் பழைய தழும்பு, கயிறு மாதிரி தடித்திருந்தது.

"மேடை நேராத்தான் இருக்கும்மா. ஆடுறவ காலுதான் கோணல். பன்னெண்டு வயசுல மதில் ஏறி விழுந்தது. இது முழுசா மடங்காது. அதான் அந்தப் பக்கம் குட்டைக் கிராங்க். இடுப்பு ஒரு பக்கமா திரும்பும், அதுக்குத்தான் சீட் அப்படி, ஹேண்டில்பார் அப்படி. வருஷக்கணக்கா விழுந்து விழுந்து நானே வளைச்சு வெச்சது. நீங்க சொன்ன கண்ணு பொட்டை ஜென்மம் நான்தான். உங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

அந்த மனுஷனின் வாயைத் தைத்துத்தான் விட வேண்டும்.

என் தலைக்கு மேலே ஒரு கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தோள் இறங்கின வாடிக்கையாளருக்காக அந்தப் பக்கம் மட்டும் பஞ்சு வைத்து நான் தைத்த கோட்டு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று பேன்ட் தைத்துக்கொடுத்து, 'போட்டா தெரியவே இல்லைம்மா' என்று பாராட்டு வாங்குகிறவள் நான். ஆள் இல்லாமல் துணியைப் பார்த்தால் அதுவும் கோணல்தானே? அளவெடுத்துத் தைத்த ஒரு சட்டையைப் பிரித்து, இரண்டு கையும் சமம் என்று பெருமையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எழுந்திருங்கக்கா" என்றேன். 'ஆடத் தெரியாதவ'ளிலிருந்து 'அக்கா'வுக்கு என் வாய் தானாக இறங்கிவிட்டது. "டீ போடறேன். முதல்ல ஒரு வாய் குடிங்க."

டீ குடித்தபோதுதான் முழு விவரமும் வந்தது. அவருக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று சில மாதம் அங்கே போய் இருந்தார். தம்பிக்கு அக்காமேல் பாசம் பொங்கி, "போதும், நீ அலைஞ்சது. எங்ககூடவே இரு" என்று அவர் குடியிருந்த வீட்டையே காலி செய்துவிட்டான். இவர் முறுக்கிக்கொண்டு திரும்பி வந்து ஓர் அறை பிடித்திருக்கிறார். திங்கட்கிழமை சுற்றுக்குப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

"ஸ்கூட்டர்ல போகலாமில்ல?"

"சும்மா உக்காந்து போனா முட்டி பூட்டிக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். மிதிச்சாத்தான் அதுக்கு உசிரு. இந்த ஒரு சைக்கிளைத் தவிர உலகத்துல எந்தச் சைக்கிளும் எனக்கு ஓடாதும்மா."

"நானும் ஊசிக்காரி, நீங்களும் ஊசிக்காரி. விட்டுடுவேனா?" என்று மேசையிலிருந்த குட்டைக் கிராங்கை எடுத்தேன். "நல்லவேளை, இதைத் தூக்கிப் போடல."

அவர் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு ஊசியக்கா. மளமளவென்று மாட்டி, சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, அவரை ஏறச் சொன்னேன். மிதித்தார். பெடல் மேலே வந்தது. அவர் பல்லைக் கடித்தார். இன்னொரு முறை. மறுபடி இடுப்பு எம்பியது.

"இல்ல" என்றார் மெதுவாக. "இத்தனை மாசம் மிதிக்கலையே. முட்டி இன்னும் இறுகிப் போச்சு. என் அளவே எனக்குச் சேரல." இறங்கி என் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. "விடுங்கம்மா. தம்பி சொன்னதுதான் சரி. போய் அவன் வீட்டு மூலையில உக்காந்துக்கறேன்."

அப்போதுதான் லாரியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கலைந்த கோட்டுகள், அழுகிற அம்மாள், முறைக்கிற நான். அப்படியே திரும்பிப் போகப் பார்த்தார்.

"நில்லுங்க! லேத் பட்டறைக்காரர் நாளைக்கு ஞாயித்துக்கிழமை கதவைத் திறப்பாரா?"

"நான் கேட்டா திறக்க மாட்டார். நீ கேக்கறேன்னு சொன்னா பயந்து திறப்பார்."

"அப்ப சொல்லுங்க. அக்கா, மூலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழைய சட்டை சேரலைன்னா புதுசா அளவெடுக்கணும். ஏறுங்க வண்டியில."

கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். நாளெல்லாம் பேன்ட் ஓரம் அளக்க நான் உட்காருகிற இடம்தான் அது. முதலில் சீட்டை அவர் இடுப்பு போகிற பக்கம் திருப்பினேன். ஹேண்டில்பாரை, வயிறெரிய, மறுபடி வளைத்தேன். பிறகு அவர் காலை வலிக்காத அளவுக்கு மட்டும் தூக்கச் சொல்லி, பாதம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். கிராங்க் சுற்றுகிற அச்சிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் எவ்வளவோ, அவ்வளவுதான் கிராங்கின் நீளம். தையல்காரிக்கு இது தெரியாதா?

மறுநாள் லேத் பட்டறைக்காரர் தடித்த இரும்புப் பட்டையை எடுத்து, "பெடலுக்குத் துளை எங்க?" என்றார்.

"மூணு துளை" என்றேன். "மூணுக்கும் மரை வெட்டுங்க. உள்ளே இருக்கறது இப்போதைய அளவு. நடுவுல பழைய அளவு. அதுக்கு வெளியில இன்னொண்ணு."

ஊசியக்கா சிரித்தார். "வெளியில எதுக்கும்மா? என் முட்டி பொறந்த நாள்லேர்ந்து... சரி, விழுந்த நாள்லேர்ந்து, அவ்வளவு மடங்கினதே இல்ல."

"இருக்கட்டும். பின்னால பிரிச்சு விடறதுக்குன்னு உள்ளே கொஞ்சம் துணி விடாம நான் தைச்சதே இல்ல."

பட்டையைக் குட்டைக் கிராங்கோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். உள்துளையில் பெடலை மாட்டி முடுக்கினேன். ஊசியக்கா பட்டறை வாசலிலேயே ஏறினார். இடது கால் பெரிய வட்டம், வலது கால் சின்ன வட்டம். வண்டி கொஞ்சம் நொண்டியது. பிறகு நொண்டலே ஒரு தாளமாகிவிட்டது. தெருமுனை வரை போய், பெல்லை அடித்துக்கொண்டே திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் விசிலடித்தார். நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "கோட்டுக்கு இஸ்திரி போட வந்துடுங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது பெல் கேட்டது. பெட்டி கேரியரில், ஊசியக்கா சீட்டில். நின்று பேசிக்கொண்டிருந்தார். என் கை தானாக அந்த ஹேண்டில்பாரை நேராக்கப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். "பழக்கதோஷம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

கொஞ்ச நாளில் நடுத் துளைக்கு வந்தோம். பழைய அளவு திரும்பிவிட்டது, வேலையும் நிலைத்துவிட்டது. தம்பி வந்து பார்த்து, அக்கா பின்னால் கேரியரில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு, வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போனான். அதோடு போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் கடை நிறையக் கூட்டம். ஊசியக்கா சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, வரிசையில் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் நாற்காலியில் அமர்ந்து வலது காலை நீட்டினார். பிறகு மடக்கினார். இன்னும் மடக்கினார். அந்தத் தழும்பு பளபளவென்று இழுபடுகிற வரைக்கும் மடக்கினார்.

"டெய்லரம்மா, உள்ளே துணி விட்டிருக்கேன்னு சொன்னீங்களே, ஞாபகமிருக்கா?" என்றார். "கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தேன்.